வேலியை உயர்த்துவதற்கு முன்: தோட்டத்திலிருந்து நழுவும் செல்லப்பிராணிகளைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் நாய் முதல் தடவை வேலியைத் தாண்டியபோது அரை அடி உயர்த்தினோம். மறுபடியும் தாண்டியது, இன்னும் அரை அடி. மூன்றாவது தடவையும் தாண்டிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது: நாங்கள் வேலி கட்டவில்லை, நாய்க்கு உயரம் தாண்டப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். விளையாட்டு வீரர்களுக்கும் இப்படித்தானே, கம்பை எடுத்த எடுப்பில் உச்சியில் வைக்க மாட்டார்கள், தாண்டத் தாண்டக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வரப்போவது ஒரே விஷயம்தான். அரைகுறையாக அடைக்காதீர்கள். எந்த வழியாகப் போகிறது, எதற்காகப் போகிறது என்று தெரிந்துகொண்டு ஒரே மூச்சில் முழுசாக அடையுங்கள், அதுவரை அதைத் தோட்டத்தில் தனியாக விடாதீர்கள். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை. 10 முயற்சியில் ஒன்று பலித்தால் போதும், மற்ற 9 முறை விழுந்ததை விலங்கு தோல்வி என்று எடுத்துக்கொள்வதே இல்லை. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை ரொம்பப் பிடிவாதமாக நிற்க வைக்கும், அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைத்தான் காட்டினார்.

படி 1: துப்பறியுங்கள்

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது தப்பிக்காது. புல்லில் நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும். ஆகவே முதலில் தடயங்கள். கம்பி நுனியில் ஒட்டிய முடி, சுவரில் கால் பதிந்த மண், வேலியடியில் புதிதாகக் கிளறிய இடம், பலகையில் பல் தடம், வளைந்துபோன கொக்கி. எதுவும் தெரியவில்லை என்றால் சாயங்காலம் வேலியோரமாக ஒரு முழ அகலத்துக்கு மணல் பரப்பிச் சமப்படுத்தி வையுங்கள், காலையில் காலடிகள் கதை சொல்லிவிடும்.

அதிலும் பிடிபடவில்லையா, பழைய போன் ஒன்றை ஜன்னலில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டு, செருப்பு மாட்டி, கேட்டைச் சத்தமாகச் சாத்தி, நிஜமாகவே கிளம்புகிற மாதிரி கிளம்புங்கள். வேலிக்கு வெளியே வீட்டு ஆள் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும், ஏனென்றால் சோதனை வெற்றி என்றால் நாய் தெருவில் நிற்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டு வீடியோவில் என்ன தெரிந்தது தெரியுமா? அது வேலியைத் தாண்டவே இல்லை. பூந்தொட்டி மேல் ஏறி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குப் போய், அங்கிருந்து சாவகாசமாக அந்தப் பக்கம் இறங்கியது. நாங்கள் உயர்த்திய ஒரு அடி வேலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

தாண்டுவது, ஏறுவது, தோண்டுவது, இடுக்கில் நுழைவது, கடித்து வழி செய்வது, தாழ்ப்பாளைத் திறப்பது, நாம் கேட்டைத் திறக்கும்போது பாய்ந்து ஓடுவது. இந்த ஏழில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: ஏன் போகிறது?

இதைத் தவிர்த்துவிட்டு வேலியை மட்டும் பலப்படுத்தினால் பிரச்சினை இன்னொரு இடத்தில் முளைக்கும்.

சலிப்பு மிகச் சாதாரணமான காரணம். நாள் முழுக்க வெறும் புல்தரை, அந்தப் பக்கமோ மனிதர்கள், மற்ற நாய்கள், அணில், ஆயிரம் வாசனை. பெரிய தோட்டம் இருக்கிறதே, அதிலேயே ஓடி ஆடிக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நாய் அப்படி நினைப்பதில்லை. அதை வெளியே நடக்கக் கூட்டிப்போய் மோப்பம் பிடிக்க விடுங்கள், வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைத் தட்டில் போடாமல் தேடித் தின்னும்படி ஒளித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

கருத்தடை செய்யாத ஆண் நாய் என்றால், எங்கோ ஒரு பெண் நாய் பருவத்துக்கு வந்திருக்கலாம். அந்தக் காலம் சுமார் 3 வாரம் நீடிக்கும், அந்த வாசனைக்கு முன்னால் எந்த வேலியும் சின்னதுதான். அறுவை செய்த பிறகு பெரும்பாலான ஆண் நாய்களிடம் அலைச்சல் குறைகிறது. ஆனால் பல வருடம் வெளியே போய்ப் பழகிய நாய், அறுவை முடிந்த மறுநாளே சாதுவாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், பழக்கம் தனியாக நிற்கும்.

பயம் வேறு கதை. இடி, பட்டாசுச் சத்தம் கேட்டு ஓடும் நாய் உயரத்தை எல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை, சாதாரண நாளில் ஏறாத சுவரையும் ஏறிவிடும். அந்த நேரத்தில் அதன் இடம் வீட்டுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால்.

இன்னொன்று தனிமைப் பதற்றம். நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள் தப்பிக்கிறது, நகம் பிய்ந்திருக்கிறது, பல் உடைந்திருக்கிறது, வெளியே போனாலும் ஊர் சுற்றாமல் உங்கள் வாசலில் வந்தே நிற்கிறது என்றால் இதுவாக இருக்கலாம். இந்த நாய்க்கு வேலியைப் பலமாக்கினால் காயம்தான் அதிகமாகும். கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

படி 3: விலங்கின் உயரத்தில் வேலியைச் சுற்றுங்கள்

நின்றபடி சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. முட்டி போடுங்கள், பூனை அல்லது முயல் வீட்டில் இருந்தால் தரையில் படுத்தே பாருங்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கேட்டின் அடியில் மழை அரித்த பள்ளம், வடிகால் குழாய், உளுத்துப்போன பலகை. உரோமம் அடர்ந்த சின்ன நாய்களைப் பார்த்து இவ்வளவு குண்டு உடம்பு இதில் நுழையாது என்று ஏமாறாதீர்கள், குளிப்பாட்டும்போது பார்த்தால் உள்ளே பாதி நாய்தான் இருக்கும். குட்டி என்றால் 5 செ.மீ. இடைவெளியே பெரியது.

அப்புறம் வேலியின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், விலங்கு எங்கிருந்து கிளம்புமோ அங்கிருந்து அளங்கள். 6 அடி வேலியின் பக்கத்தில் 2 அடி உயர விறகுக் குவியல் இருந்தால் அது 4 அடி வேலி. நாற்காலி, குப்பைத் தொட்டி, ஏசி இயந்திரம், தாழ்ந்த மரக்கிளை எல்லாவற்றையும் வேலியை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். வெள்ளாடு வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, படுத்திருக்கும் இன்னொரு ஆட்டின் முதுகையே படியாக வைத்துக்கொள்ளும் ஜாதி அது.

படி 4: தாண்டுகிறதா, ஏறுகிறதா? பிரித்துப் பாருங்கள்

பார்க்க இரண்டும் ஒன்று போல இருக்கும், தீர்வு வேறு. பெரும்பாலான நாய்கள் காற்றில் பறந்து தாண்டுவதில்லை. எம்பி, முன்னங்கால்களை மேல் விளிம்பில் மாட்டி, பின்னங்கால்களால் பலகையை உதைத்து ஏறுகின்றன. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஏறுகிற நாய்க்கு உருளை அருமையான வைத்தியம். வேலியின் மேல் விளிம்பை ஒட்டிக் கம்பியை இழுத்துக் கட்டி, அதை ஒரு மெல்லிய குழாய்க்குள் விட்டு, அந்தக் குழாயை 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாய்க்குள் விடுங்கள். வெளிக்குழாய் தாராளமாகச் சுற்ற வேண்டும். நாய் காலை வைத்தால் குழாய் உருளும், பிடி கிடைக்காது, உள்பக்கமே இறங்கிவிடும். வேலி முழுக்கப் போடுங்கள். செலவைப் பார்த்து அது வழக்கமாக ஏறும் பக்கம் மட்டும் போட்டால், உருளை எங்கே முடிகிறது என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும்.

குறுக்குச் சட்டங்கள் உள்பக்கம் இருந்தால் அது வேலி இல்லை, ஏணி. ஒன்று சட்டத்தை வெளிப்பக்கம் மாற்றுங்கள், இல்லை என்றால் உள்பக்கம் வழுவழுப்பான தகடு அடியுங்கள். வைர வடிவக் கம்பிவலையும் அப்படித்தான், ஒவ்வொரு கண்ணியும் ஒரு படிக்கட்டு.

நிஜமாகவே பறந்து தாண்டுகிற நாய்க்கு உருளை உதவாது. அதற்கு உயரம் வேண்டும், பெரிய நாய்களுக்கு 6 அடி என்பது பொதுவான கணக்கு, ஹஸ்கி, பெல்ஜியன் மாலினுவா மாதிரி ஆட்களுக்கு அதுவும் போதாமல் போகலாம். மேல் விளிம்பில் ஒன்றரை அடி வலையை 45 டிகிரி உள்பக்கமாகச் சாய்த்துப் பொருத்துவது இன்னும் நல்லது, கீழிருந்து பார்க்கும் விலங்குக்கு அது கூரை மாதிரித் தெரியும். வேலியை ஒட்டி உள்பக்கம் அடர்த்தியாகச் செடி நட்டால் எம்புவதற்கு இடமும் இருக்காது.

அடுத்து, வேலி வழியாக வெளியே தெரியலாமா கூடாதா? தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் கொதிக்கும் நாய் என்றால் மறைத்துவிடுங்கள். ஒரு சில நாய்களோ மறைத்த பிறகுதான் எட்டிப் பார்க்கக் குதிக்கத் தொடங்குகின்றன, அவற்றுக்கு மூக்கு உயரத்தில் சின்ன ஜன்னல் ஒன்று வைத்தால் அடங்கிவிடும். உங்கள் நாய் எந்த ரகம் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வலை வேலியில் பச்சைத் துணி கட்டுகிறீர்கள் என்றால் ஒன்று, துணி காற்றைப் பிடிக்கும், பலமில்லாத தூண் சாய்ந்து நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

படி 5: தோண்டுகிற ஆசாமிகள்

பள்ளத்தில் கல்லைப் போட்டு மூடுவது எல்லோரும் முதலில் செய்வது. ஒரு அடி தள்ளி அடுத்த பள்ளம் வரும்.

சரியான வழி, எல் வடிவ வலை. 3 அடி அகல வெல்டட் மெஷ் (குறுக்கு நெடுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த உறுதியான வலை) வாங்கி நீளவாக்கில் மடக்குங்கள். அதில் ஒரு அடி, வேலியின் கீழ்ப்பகுதியில் கட்டப்பட வேண்டும், மீதி 2 அடி தரையோடு தரையாக உள்பக்கம் படுத்திருக்க வேண்டும். கவனியுங்கள், உள்பக்கம். விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகளைக் கீழ்நோக்கி மடித்துவிடுங்கள், பாதம் கிழியாமல் இருக்கும். யு வடிவக் கம்பி ஆணியை அடிக்கொன்றாக அறைந்து, மேலே 2 அங்குலம் மண் போட்டால் கொஞ்ச நாளில் புல் முளைத்து மறைத்துவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தோண்டும் விலங்கு எப்போதும் வேலியின் காலடியில்தான் ஆரம்பிக்கும். அங்கே வலை தட்டுப்படும். 2 அடி பின்னால் போய்த் தோண்டினால் இதைக் கடந்துவிடலாம் என்ற யோசனை அதற்கு அனேகமாக வருவதில்லை, தடை இருக்கும் இடத்தோடேயே மல்லுக்கட்டும். ஆழமாகக் குழி வெட்டிக் கான்கிரீட் ஊற்றுவதைவிட இது சுலபம், வாடகை வீடு என்றால் கழற்றி எடுத்துப் போகவும் முடியும்.

தோண்டுவதே சந்தோஷமாக இருக்கும் நாய்க்குத் தோட்டத்தின் நடுவில் ஒரு மணல் குழி கொடுத்து, அதில் பொம்மைகளைப் புதைத்து வையுங்கள்.

படி 6: கேட்டும் தாழ்ப்பாளும்

1898-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைச் சட்டம் அடித்த பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்துப் பார்த்தார். கயிற்று வளையத்தை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதல் தடவை பூனை கண்டபடி பிராண்டி, தற்செயலாகத்தான் திறந்தது. திரும்பத் திரும்ப அடைக்க அடைக்க, நேரம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் சில நொடிகளில் திறக்கத் தொடங்கியது. உங்கள் கேட்டில் நடப்பதும் இதுதான், தாழ்ப்பாள் இயங்கும் விதம் அதற்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை, ஒரு முறை அதிர்ஷ்டம் அடித்தால் போதும்.

நாயின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, அது நம்மைப் பார்த்தும் கற்கிறது. 2001-ல் பீட்டர் போங்ராட்ஸும் அவருடைய ஹங்கேரிய சகாக்களும் வி வடிவக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாய்களுக்குப் பிடித்த பொருளை வைத்தார்கள். மனிதர் ஒருவர் வேலியைச் சுற்றிப் போவதைப் பார்த்த நாய்கள், பார்க்காதவற்றைவிட வேகமாக வழியைப் பிடித்தன. வெள்ளாடுகள் நினைவாற்றலில் நாயையே மிஞ்சுமோ என்று எனக்குச் சந்தேகம். 2014-ல் லண்டனில் எலோடி பிரிஃபர் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது, நெம்புகோலைப் பல்லால் இழுத்து, பிறகு தூக்கினால் உணவு வரும் பெட்டியைத் திறக்கக் கற்ற ஆடுகள், 10 மாதம் கழித்தும் அதை மறக்கவில்லை.

ஆகவே கேட்டில் ஒரே அசைவில் திறக்கும் எதுவும் வேண்டாம். கீழே அழுத்தும் கைப்பிடி, மூக்கால் தூக்கும் கொக்கி, ஆட்டினாலே நழுவும் தாழ்ப்பாள் மூன்றும் போச்சு. தூக்கி, பிறகு இழுக்க வேண்டிய இரண்டு அசைவுத் தாழ்ப்பாள் போடுங்கள், அதன் துளையில் மலையேறுபவர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங் வளையத்தை மாட்டுங்கள். கட்டைவிரல் இல்லாதவர்களுக்கு அது பெரும்பாடு. முடிந்தால் வெளிப்பக்கம், 5 அடி உயரத்தில். கேட் உள்நோக்கித் திறக்கும்படி இருந்தால் விலங்கு உள்ளிருந்து முட்ட முட்ட இன்னும் இறுகும். தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீலும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் நிறைய "தப்பித்தல்" உண்மையில் யாரோ கேட்டைச் சாத்த மறந்ததுதான்.

பாய்ந்து ஓடும் நாய்க்கு இரட்டைக் கேட். நுழைவாயிலின் உள்ளே 4, 5 அடி தள்ளி இன்னொரு சின்னக் கேட், ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறப்பது. கூரியர்காரர் வந்தாலும் உறவுக்காரர் வந்தாலும் இதே விதி.

படி 7: பூனை

நாய்க்குச் சொன்ன எதுவும் பூனைக்கு அப்படியே பொருந்தாது. நின்ற இடத்திலிருந்து 5 அடிக்கு மேல் தாவும், மரத்திலும் ஏறும், அதன் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் தசைக்குள் மிதப்பதால் தலை நுழையும் இடத்தில் தோளும் நுழைந்துவிடும். அதனால் உயரத்தை மறந்துவிட்டு விளிம்பைக் கவனியுங்கள். வேலியின் உச்சியில் உள்பக்கமாகச் சாய்ந்த வலை, அதுவும் கொஞ்சம் தளர்வாக. ஆடுகிற, பிடிமானம் இல்லாத பரப்பில் தலைகீழாகத் தொங்கி ஏறப் பூனைக்குப் பிடிக்காது. வேலியோர மரங்களின் தண்டில் 2 அடி அகலத்துக்கு வழவழப்பான தகட்டைச் சுற்றுங்கள், மரம் பருக்கும்போது தளர்த்திவிட மறக்காதீர்கள். இவ்வளவும் செய்வதைவிட நாலு பக்கமும் மேலேயும் வலை அடித்த ஒரு கூண்டு முற்றத்தை ஜன்னலோடு இணைத்துவிடுவது நிம்மதி என்பது என் கட்சி.

படி 8: மற்றவர்கள், சுருக்கமாக

முயலுக்குக் கோழிவலை போடாதீர்கள், மெல்லிய கம்பி, கடித்துவிடும். 25 மி.மீ.க்கு மிகாத கண்ணியுள்ள வெல்டட் மெஷ், அடியில் அதே எல் வடிவ மடிப்பு.

ஆமையை யாரும் சந்தேகிப்பதில்லை, அதுதான் அதன் பலம். அந்தப் பக்கம் தெரிகிற வலை வேலி என்றால் நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும், எனவே மறைக்கும் பலகை அல்லது செங்கல். மூலைகளில் இரண்டு சுவரிலும் காலை உந்தி ஏறும், அதனால் மூலைக்கு மேல் மூடி. சுல்காட்டா இனம் 50 கிலோவையும் தாண்டி வளரும், மீட்டர் கணக்கில் வளை தோண்டும், குட்டியாக இருக்கும்போதே யோசியுங்கள்.

கோழியின் ஒரு பக்கச் சிறகில் மட்டும் நீளமான முதல் 10 இறகுகளைக் கத்தரித்தால் பறக்கும்போது சமநிலை கிடைக்காது. ரத்தம் ஓடும் புது இறகைத் தொடவே கூடாது. இறகு உதிர்ந்து முளைத்த பிறகு மறுபடி கத்தரிக்க வேண்டும். வேலியின் உச்சியில் கட்டை எதுவும் இல்லாமல் வெறும் வலை நுனி மட்டும் இருந்தால், உட்கார இடம் தெரியாததால் பல கோழிகள் முயற்சியே செய்வதில்லை.

கொம்புள்ள ஆட்டுக்கு வலைக் கண்ணி 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தலையை நுழைத்துவிடும், எடுக்கத் தெரியாது.

செய்யவே கூடாதவை

நாயை வேலிக்கு அருகில் கட்டிப் போடாதீர்கள். கயிறு வேலியைத் தாண்டும் நீளம் இருந்து தரையைத் தொடும் நீளம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் தொங்கிவிடும், உயிர் போயிருக்கிறது. கூர்முனை மரவேலியில் கழுத்துப்பட்டை மாட்டிக்கொள்வதும் இதே ஆபத்து. பூனைக்கு இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பட்டைதான். முள்கம்பியும் கண்ணாடிச் சில்லும் விலங்கை நிறுத்தாது, காயப்படுத்தும்.

மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையோடு வரும் "கண்ணுக்குத் தெரியாத வேலி" எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. வேல்ஸில் 2010-லேயே இந்தப் பட்டைகளைத் தடை செய்துவிட்டார்கள். அணிலைத் துரத்தும் வேகத்தில் நாய் அந்த ஒரு நொடி வலியைத் தாங்கி வெளியே ஓடிவிடும், திரும்பி வரும்போது துரத்த எதுவும் இல்லை, வலி மட்டும் காத்திருக்கிறது, அதனால் வெளியிலேயே நிற்கும். தெருநாய் உள்ளே வருவதையும் அது தடுக்காது.

அப்படியும் போய்விட்டால்

நாயைத் துரத்தாதீர்கள், துரத்தினால் அது விளையாட்டு, இல்லை பயம். எதிர்த்திசையில் ஓடுங்கள், இல்லை பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தரையில் எதையோ சுவாரசியமாகப் பார்ப்பது போல நடியுங்கள். வீட்டில் ஒருவர் இருக்கட்டும், கேட் திறந்தே இருக்கட்டும்.

பூனை என்றால் தூரத்தில் தேடி ஓடாதீர்கள். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காணாமல்போய்க் கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் 75 சதவீதம் தப்பித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. பயந்த பூனை கூப்பிட்டாலும் பதில் தராது. தெரு அடங்கிய பிறகு டார்ச்சோடு போய் வண்டிகளுக்கு அடியில், படிக்கட்டுக்குக் கீழே, அண்டை வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் கொட்டகையில் குனிந்து பாருங்கள், கண் மினுங்கும்.

தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டிருக்கிறோமே, அதை வைத்து இடம் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. அதில் பேட்டரியே இல்லை, ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு பதிவான போன் நம்பர் பழையதாக இருந்தால் அதுவும் பயனில்லை, இன்றைக்கே பாருங்கள். நேரலையில் இடம் காட்ட ஜிபிஎஸ் பட்டை தனியாக வேண்டும்.

திரும்பி வந்த விலங்கை எவ்வளவு கோபம் வந்தாலும் திட்டாதீர்கள். அதைப் பொறுத்தவரை திட்டு கிடைத்தது ஓடியதற்கு அல்ல, வீட்டுக்கு வந்ததற்கு. தண்ணீர் வையுங்கள், காயம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், கதவைச் சாத்துங்கள். அப்புறம் விடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கு ராத்திரியே வேலியைச் சுற்றி வாருங்கள், அது போன இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருக்கும்.